தொட்டியில் இறங்காதவர்கள்

பிப்ரவரி 12

இயேசுவுக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் நாள் முழுக்க என் நினைப்பு.

போனை விட்டுவிட்டு ஏன் மெயில் என்று கேட்பாய். அப்பாவுக்குக் குரல்தான் போயிற்றே தவிர, காது பாம்புக் காது. நான் போனில் எதைக் கேட்டாலும் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்கிறாய். நீயும் "ஆமா", "சரி", "அப்புறம் சொல்றேன்" என்று மழுப்பிவிடுகிறாய். அதனால் இனிமேல் முக்கியமானதையெல்லாம் கடிதமாகவே எழுது.

தொண்டையில் வெட்டி எடுத்த கட்டி இப்போது நுரையீரலில் தலைகாட்டுகிறது, இனி மாசக் கணக்குதான் என்று டாக்டர் சொன்னதை நீ ஒரே வரியில் அனுப்பினாய். அந்த ஒரு வரியோடு நான் இந்த வாரத்தை ஓட்டிவிட்டேன். பல் செட்டு செய்கிற எங்கள் லேபில் இன்று மெழுகில் பல் அடுக்கும்போது கை தவறி, ஒரு மேல்வரிசை முழுவதையும் கலைத்துவிட்டேன். சூப்பர்வைசரம்மா திட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

நேராகக் கேட்கிறேன். அப்பா ஒன்றரை வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறார். விசுவாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை? பாஸ்டர் எத்தனை முறை கூப்பிட்டார்? தண்ணீரில் இறங்காமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்து ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறேன். நீயாவது எடுத்துச் சொல்.

நீயும்தான் இன்னும் எடுக்கவில்லை. அதையும் மறந்துவிடாதே.

ஜெபத்தில் உங்களைத் தாங்கும்,
அக்கா

பிப்ரவரி 20

என் அன்பு அக்காவுக்கு,

ஸ்பீக்கர் பேசுகிறேன். ஆமாம், சபையில் எனக்கு இப்போது இதுதான் பெயர். அப்பா உதட்டை அசைப்பார், நான் சத்தமாகச் சொல்வேன். மருந்துக் கடையிலிருந்து பேங்க் வரை அவருக்கு நான்தான் வாய். நான் சுகம். அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், கோபத்தைக் குறைக்கவில்லை. அதனால் அவரும் சுகம் என்றே வைத்துக்கொள்.

பிரச்சினை கழுத்து ஓட்டைதான் அக்கா. உனக்கே தெரியும், ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மூச்சு விடுவது மூக்கால் இல்லை, கழுத்தில் இருக்கிற அந்த ஓட்டையால். குளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போனாலே பத்து நிமிஷம் இருமுகிறார். நம்ம சபையிலோ தொட்டியில் இறக்கி முழுக்குதான். தலை மூழ்கணும். மூழ்கினால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பாஸ்டர் கூப்பிடும்போதெல்லாம் அப்பா கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கடைசி வரிசை ஃபேனடியில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆனால் அக்கா, இந்தக் கேள்வியே செம கேள்வி. நான் இருக்கிற விவாதக் குழுவில் இதைப் போட்டேன், பற்றி எரிந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் ரட்சிப்பு உண்டா? உண்டு என்கிறவர்கள் சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனைக் கொண்டுவருவார்கள். அவன் எந்தத் தொட்டியில் இறங்கினான்? இல்லை என்கிறவர்கள், தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காதவன் தேவனுடைய ராஜ்யத்துக்குள் வரமாட்டான் என்று சொல்லியிருக்கிறதே என்பார்கள். உடனே இந்தப் பக்கம், தண்ணீருக்கு முன்னாலேயே பரிசுத்த ஆவியைப் பெற்ற, வேதத்தில் வருகிற ரோமப் படைத்தலைவன் வீட்டாரை எடுத்துப் போடும். அப்படியானால் அவர்களுக்கு அப்புறமும் எதற்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று அந்தப் பக்கம் திருப்பி அடிக்கும். நான் இரண்டு பக்கமும் நின்று ஆடினேன். இரண்டு பக்கமும் லைக் விழுந்தது.

கவலைப்படாதே, கைவசம் ஒரு ஐடியா இருக்கிறது. நான் வேலை பார்ப்பது பைப் கடை. கழுத்து ஓட்டையைச் சுற்றி ரப்பர் வாஷர், அதிலிருந்து ஒரு வளையும் குழாய், அதன் மறுமுனை தண்ணீருக்கு மேலே. வீடியோவில் பார்த்தேன், வெளிநாட்டில் இப்படி நீச்சலே அடிக்கிறார்கள். கடைக்குப் பின்னால் இருக்கிற டிரம்மில் என் கழுத்தில் கட்டிச் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

அன்பு மாறாத,
தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவும் கை வரவில்லை. அந்த டிரம் பக்கம் போகாதே. உன் கழுத்தில் ஓட்டை இல்லை. உன் கழுத்தில் சோதித்து என்ன தெரியும்? வாஷர் கொஞ்சம் நழுவினால் அப்பாவைத் தொட்டியிலிருந்து எப்படித் தூக்குவாய்? கெஞ்சிக் கேட்கிறேன், அதைக் கழற்றிக் கடையிலேயே போட்டுவிடு.

முழுக்கு முடியாதவர்களுக்குத் தலையில் ஊற்றுவது உண்டு. எத்தனையோ சபைகளில் அதுதான் வழக்கம். பாஸ்டரிடம் போய்க் கேள். வெட்கப்படாமல் கேள். சபை மூப்பர் முறைத்தால் முறைக்கட்டும்.

போன கடிதத்தில் உன்னைப் பற்றியும் கேட்டிருந்தேன். கள்ளன், படைத்தலைவன் எல்லாரும் வந்தார்கள். உன்னைக் காணோம்.

பதிலை எதிர்பார்த்துக் கண் பூத்திருக்கும்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு ஆவி பிடிக்கிற மிஷின் வாங்கியாயிற்று. அதன் இரைச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறதாம், நிறுத்தினால் அழுகிறதாம்.

டிரம்மைத் தொடவில்லை. பாஸ்டரிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு ஒத்துக்கொண்டார். தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் விடுவது. அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பது. கழுத்தில் துண்டு. குனிய வைத்துப் பின்தலையில் மூன்று தடவை ஊற்றுவது.

டைல்ஸ் போடுகிற நம் மூப்பர்தான் குதித்தார். ஞானஸ்நானம் என்றால் அடக்கம் பண்ணுகிற மாதிரி, பாதி உடம்பை மண்ணுக்கு மேலே விட்டு யாராவது அடக்கம் பண்ணுவார்களா என்று கேட்டார். பாஸ்டர் அசரவில்லை. கடைசியில் மூப்பர் ஒரு இடத்தில் கால் ஊன்றினார். தண்ணீரைக் குறைத்தாலும் அறிக்கையைக் குறைக்க முடியாது. விசுவாசிக்கிறேன் என்று கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி வாயால் சொல்லியே ஆகணும் என்றார். தாடையில் வைத்துப் பேசுகிற மிஷின் அப்பாவுக்குப் பிடிக்காது, தண்ணீருக்குள் அதைக் கொண்டுபோகவும் முடியாது. அதனால் நான் பக்கத்தில் நிற்பேன், அப்பா உதட்டை அசைப்பார், நான் சொல்வேன். "இவனே இன்னும் முழுக்கு எடுக்கலையே, இவன் எப்படித் தொட்டியில நிப்பான்?" என்றார் மூப்பர். "அவன் விசுவாசியா வரலை, மகனா வர்றான்," என்று பாஸ்டர் முடித்துவிட்டார்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அப்பா தலையாட்டி வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீர் குளிரும் என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து எடுப்பது கூச்சமாகவும் இருக்கலாம். மருந்தினால் வருகிற சோர்வும் இருக்கிறது. பார்க்கலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

நான் நலமில்லை, நலம் என்று எழுதப் போவதும் இல்லை.

ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குளிருமா? முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அத்தனை பேர் முன்னால் ரோட்டோரம் சட்டையைக் கழற்றிக் குளித்தவர், நாற்காலிக்குக் கூச்சப்படுவாரா? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒரு காரணம் சொன்னால் உண்மை. மூன்று காரணம் சொன்னால் எதையோ பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அப்பா உன்னிடம் என்ன சொன்னார்? உதடு அசைந்ததை அப்படியே எழுது. உன் வியாக்கியானம் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தினமும் திறந்து மூடினேன். சரி, எழுதுகிறேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒன்று. நீ இத்தனை கடிதம் எழுதினாய். அப்பா, தண்ணீர், பாஸ்டர், நான் என்று எல்லாம் வந்தது. அம்மா என்கிற வார்த்தை ஒரு இடத்தில்கூட வரவில்லை. அதனால்தான் நானும் சொல்லவில்லை.

பிப்ரவரியிலேயே அப்பா சொல்லிவிட்டார். கழுத்து ஓட்டை ஒரு சாக்குதான். பாஸ்டர் போன பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, மெதுவாக, நான் ஒரு எழுத்தும் தவறவிடாத மாதிரி உதட்டை அசைத்தார்.

"தண்ணியில இறங்கினாத்தான் உள்ள போக முடியும்னா உங்கம்மா எங்க இருக்கா?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், அவர் சட்டையை விடவில்லை.

"அவ வெளிய நிக்கிறான்னா, நான் மட்டும் உள்ள போய் என்னடா பண்ணப் போறேன்?"

அக்கா, உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். நம் வீட்டில் முதலில் சபைக்குப் போனது அம்மா. ஞானஸ்நானம் வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். முதல் தடவை தொட்டியில் விரிசல், நிரப்பிய தண்ணீர் ராத்திரிக்குள் வடிந்துவிட்டது. இரண்டாம் தடவை தெருவுக்கே தண்ணீர் வரவில்லை. மூன்றாம் தடவைக்கு முன்னால் காய்ச்சல், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் நாம் பார்த்தது.

பாஸ்டரிடம் கேட்டாலும் மாட்டிக்கொள்வோம். அம்மா ரட்சிக்கப்பட்டாள் என்று அவர் சொன்னால், அப்படியானால் எனக்கும் தண்ணீர் வேண்டாம் என்பார் அப்பா. இல்லை என்று சொன்னால், அவள் இல்லாத இடம் எனக்கு எதற்கு என்பார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அப்பா தொட்டிக்கு வெளியேதான். குழுவில் இதைப் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும். போடவில்லை. விரல் வரவில்லை.

கோபப்படாதே அக்கா.

தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன், நலமா?

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தால் ஹாஸ்டலில் யாரோ ஒரு பெண் எடுத்து, வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறாள். எப்போது அடித்தாலும் வேலைக்குத்தான் போயிருக்கிறாய்.

நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாது. குறித்திருந்த ஞாயிறு வந்தது, போயிற்று. தொட்டியின் மேல் பலகையைத் திறக்கவே இல்லை. அப்பா இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. நாலு படி ஏறினால் கழுத்தில் விசில் கேட்கிறது. நான் கடையிலிருந்து மதியமும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். "என்னடா, வண்டி ஓடுதான்னு செக்கிங்கா?" என்று கேட்கிறார்.

ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

தம்பி

மே 16

என் பிரியமான தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை. அப்பா கேட்ட கேள்வியை நான் ஒன்றரை வருஷமாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்த வார்த்தையை எழுதவில்லை. எழுதினால் கேள்வியும் கூடவே வந்துவிடும் என்று பயம்.

அப்பாவை நான் ஏன் இவ்வளவு விரட்டினேன் என்று இப்போது புரிகிறது. ஒருத்தர் ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டார் என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன். இன்னொருத்தரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஓடினேன். அம்மா போய்விட்டாள் என்று நானே தீர்ப்பு எழுதியிருக்கிறேன், தம்பி. பெற்ற மகள்.

இந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. லேபுக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர்களின் பெரிய கல் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு சாமியாரிடம் கேட்டேன். ஆசைப்பட்டுக் காத்திருந்து இறந்தவருக்கு அந்த ஆசையே ஞானஸ்நானம் என்றார். லேபில் எனக்கு அடுத்த மேஜையில் பாலிஷ் போடுகிற அக்கா வேறு ஒரு சபையைச் சேர்ந்தவர். தண்ணீர் இல்லை என்றால் கதவு இல்லை என்றார், கண் இமைக்காமல். அவர் என்னிடம் ரொம்பப் பிரியமானவர், என் மதியச் சாப்பாட்டில் பாதி அவர் கொண்டுவருவது. நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மூன்றாவதாக ஒருவர், தண்ணீர் வெறும் அடையாளம், மோதிரம் போடாவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்றார். அது ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தேன், வெறும் அடையாளம் என்றால் அம்மா ஏன் அத்தனை தவித்தாள்?

மூன்று பேரும் ஒரே வேதத்தைத் திறந்துதான் சொன்னார்கள்.

நீ ஒன்று செய். நீ வாதாடி ஜெயிக்க வேண்டாம். பாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிடு. அப்பாவே கேட்கட்டும். நீ வாயாக மட்டும் இரு. பாஸ்டர் என்ன சொன்னாலும் எனக்கு அப்படியே எழுது, கெட்ட பதிலாக இருந்தாலும்.

இன்னொன்று. நீ இரண்டு பக்கமும் நின்று ஆடுவது, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று யாரும் உன்னைக் கேட்காமல் இருக்கத்தானே?

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. கடைசிக் கேள்வியை ஒதுக்கி வைக்கிறேன். இன்று பெரிய செய்தி இருக்கிறது.

பாஸ்டர் வந்தார். அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஆவி மிஷினை நிறுத்தினேன். அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். அவர் உதட்டைப் பார்த்து நான் சத்தமாகச் சொன்னேன்.

"எம் பொண்டாட்டி தண்ணியில இறங்காமப் போனா. இப்ப எங்க இருக்கா?"

"ஆண்டவர்கிட்ட," என்றார் பாஸ்டர்.

"அப்ப நானும் இறங்காமயே போறேன். எதுக்கு இந்த அவசரம்?"

நான் சொன்ன மாதிரியே மாட்டிக்கொண்டார் என்று ஒரு கணம் எனக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது, அக்கா. குழுவில் ஒருத்தன் மாட்டினால் வருகிற குஷி. பாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. மனுஷனுக்கு வியர்த்திருந்தது.

"அவங்க ரெண்டு தடவை இறங்கத் தயாரா வந்தாங்க," என்றார். "தொட்டியைச் சரியா வெச்சுக்காதது நாங்க. எங்க தொட்டி ஒழுகினதுக்கு ஆண்டவர் அவங்களை வெளிய நிறுத்துவார்னு என்னால பிரசங்கம் பண்ண முடியாது. ஆனா உங்களுக்குத் தண்ணி இருக்கு."

"எனக்கு வேணாம்னா?"

"அப்ப வேணாம்னு நீங்க சொல்லணும். அவங்களைக் காட்டி வேணாம்னு சொல்லக் கூடாது. அவங்க வேணும்னுதான் சொன்னாங்க."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாஸ்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழுத்து விசில் மட்டும் கேட்டது. நான் மிஷினைப் போடலாமா என்று எழுந்தபோது அப்பா திரும்பினார்.

"இந்த ஞாயித்துக்கிழமையா, அடுத்ததா?"

வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பாஸ்டர் என்னிடம், "நான் சொன்னது சரிதானான்னு எனக்கே பயமா இருக்கு. மூப்பர்கிட்டச் சொல்லிடாதே," என்றார்.

பதினாலாம் தேதி. உன்னால் வர முடியுமா?

தம்பி

ஜூன் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "அவங்க வேணும்னுதான் சொன்னாங்க" என்கிற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன்.

லீவு கேட்டேன். ஆகஸ்டில்தான் என்கிறார்கள். எனக்காக ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதே. அப்பா கேட்டாலும் தள்ளாதே. நம் வீட்டில் காத்திருந்தது போதும்.

துண்டை இரண்டாக மடித்துக் கட்டு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நாற்காலிக் காலுக்கு அடியில் ஏதாவது போடு, அந்த டைல்ஸ் வழுக்கும். ஊற்றும்போது நீ அப்பா கழுத்தை மட்டும் பார். முடிந்ததும் உடனே எழுது. உடனே.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: அப்பா சுகம். கழுத்துக்குள் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. இப்போது மற்றதைப் படி.

எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் செய்தேன். துண்டு, வெந்நீர், நாற்காலிக்கு அடியில் கடையிலிருந்து கொண்டுபோன ரப்பர் ஷீட். தொட்டியை மூடியிருந்த மேடைப் பலகையைத் தூக்கினார்கள். அப்பாவைத் தாங்கி நாலு படி இறக்கி உட்கார வைத்தோம். வலது பக்கம் பாஸ்டர், இடது பக்கம் நான். சபை முழுக்க எழுந்து நின்றது. அப்பா வேட்டி தண்ணீரில் பலூன் மாதிரி உப்பியது, அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

பாஸ்டர் கேட்டார், "விசுவாசிக்கிறீங்களா?" நான் "விசுவாசிக்கிறேன்" என்று சொன்னேன். கடைசி வரிசை என்ன, தெருவுக்கே கேட்டிருக்கும். பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்லி மூன்று தடவை ஊற்றினார். நான் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது. பாட்டு ஆரம்பித்தது.

அப்பா எழுந்திருக்கும்போது ரப்பர் ஷீட் நாற்காலியோடு சேர்ந்து வழுக்கியது. அவர் முன்பக்கமாக, கழுத்தே முதலில் படுகிற மாதிரி சாய்ந்தார். பிடித்து இழுக்க நேரமில்லை. நான் அவருக்கு அடியில் போய்விட்டேன். தோளை அவர் நெஞ்சுக்குக் கொடுத்து மேலே தூக்கினேன். அவர் மேலே போகப் போக நான் கீழே போனேன். முழுசாக மூழ்கினேன் அக்கா. கண்ணைத் திறந்திருந்தேன் போல. வெள்ளை டைல்ஸ், அப்பாவின் பெருவிரல், எங்கேயோ தூரத்தில் பாட்டு. பாஸ்டரும் மூப்பரும் அவரை மேலே வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். என் தலைமுடி நுனிகூட வெளியே தெரியவில்லையாம்.

மூப்பர்தான் அவரை முதலில் பிடித்தவர். சட்டை முழுக்க நனைந்து நின்றுகொண்டு, "தகப்பனுக்குத் தெளிப்பு, மகனுக்கு முழுக்கு," என்றார். சபை சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வாயால் அறிக்கை செய்தேன். மூன்று பெயர்களும் சொல்லப்பட்டன. தண்ணீரில் முழுகி எழுந்தேன். ஆனால் அறிக்கை அப்பாவுடையது, நான் வெறும் ஸ்பீக்கர். பெயர்கள் அப்பாவின் தலைமேல் சொன்னவை. நான் முழுகினது அவரைத் தாங்க. இது கணக்கில் வருமா? வராது என்றால் நான் இன்னொரு தடவை இறங்க வேண்டுமா? வரும் என்றால், கேட்காமலே எனக்குக் கிடைத்துவிட்டதா? அம்மா கேட்டும் கிடைக்காதது, எனக்குக் கேட்காமலே?

பெயர் சொல்லாமல் குழுவில் போட்டேன். நானூறு பதில். எல்லாரும் அடித்துக்கொண்டார்கள், நான் வழக்கமாக அடிக்கிற அடிதான். முதல் தடவையாக ஒன்றையும் என்னால் படிக்க முடியவில்லை. அழித்துவிட்டேன்.

நீ சொல். எனக்கு நடந்தது ஞானஸ்நானமா, வழுக்கி விழுந்ததா?

தம்பி

ஜூன் 23

என் மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ சுகமாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. என் கை நடுங்குகிறது, எழுத்து ஏறி இறங்கும், கூட்டிப் படித்துக்கொள்.

உன் தம்பிக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் போனில் என்னிடம் கேட்டிருந்தாய். பாஸ்டரும் நேற்று வந்து அதையே கேட்டார். அவன் சாப்பிடாமல் திரிகிறான். கடையில் அரை இஞ்சுக்கு முக்கால் இஞ்சு கொடுத்து அனுப்பி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பாஸ்டர் விசுவாசிக்கிறீங்களா என்று கேட்டபோது எனக்கு உங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. இருமலும் முட்டிக்கொண்டு வந்தது. இருமினால் இவர்கள் பயந்துபோய் என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். என் வாய் மூடியிருந்தது. உதடு அசையவே இல்லை.

அதற்குள் இடது பக்கம் "விசுவாசிக்கிறேன்" என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாஸ்டர் ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் நான் என்னுடையதைச் சொன்னேன். குனிந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் சத்தமாக எடுத்துச் சொல்லவும் இல்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். உங்கம்மா சொன்னதும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். நீயும் அப்படியே நினைத்துக்கொண்டு தூங்கு.

அவனிடம் இதை நான் சொல்லவில்லை. உதட்டை அசைத்துச் சொன்னால் அதற்கும் எதிர்வாதம் பண்ணுவான். எனக்கு மெயில் அனுப்பத் தெரியாது. அவன்தான் இந்தத் தாளைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும். படிக்காமல் அனுப்புகிறவன் இல்லை அவன்.

அப்பா